நூறு பேருக்கு ஒரே பானம்

1920களின் பானம் ஒன்றைத் தேடுகிறவர் எந்த வழியில் போனாலும் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் இருக்கும் சவாய் ஹோட்டலுக்குத்தான் வந்து சேர்வார். அங்குள்ள அமெரிக்கன் பாரில் 1903 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பானம் கலந்தவர் ஏடா கோல்மன் என்ற பெண்மணி. அவருக்குப் பின் அங்கே தலைமை ஏற்றவர் ஹாரி கிராடக். பல காலம் அமெரிக்காவில் உள்ள பார்களில் வேலை பார்த்தவர். 1920இல் அங்கே மதுவிலக்கு வந்ததும் இங்கிலாந்துக்குத் திரும்பியவர். 1930இல் அவர் தொகுத்த சவாய் காக்டெயில் புத்தகம் நூற்றுக்கணக்கான செய்முறைகளைக் காப்பாற்றிக் கொடுத்தது. அந்தப் புத்தகத்தை நான் சமையல் புத்தகமாகப் படிப்பதில்லை. ஒரு தலைமுறை எப்படிக் கூடியது, எதைக் கொண்டாடியது என்று சொல்லும் ஆவணமாகவே படிக்கிறேன்.

என்னுடைய ஆங்கிலேயத் தோழி ஒருத்தி தன் மகளின் திருமணத்தை 1920களின் பாணியில் நடத்தத் திட்டமிட்டபோது, வரவேற்பில் கொடுக்கும் பானத்தை மட்டும் என் பொறுப்பில் விட்டாள். கென்ட் பகுதியில் ஒரு தோட்டம், ஜூலை மாதம், கூடாரத்துக்குள் நூறு விருந்தினர். "ஒரே பானம் போதும். ஆனால் அந்தக் காலத்துப் பானமாக இருக்கணும்" என்றாள். சற்று நேரம் கழித்து, "அம்மா வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, அதையும் மனசில் வைத்துக்கொள்" என்று சேர்த்துக்கொண்டாள். அவள் குடும்பம் பரம்பரையாக மதுவைத் தவிர்த்து வந்த மெத்தடிஸ்ட் திருச்சபைக் குடும்பம்.

அந்தக் காலத்துப் பானங்களைத் தேடினால் ஆசை காட்டும் பெயர்கள் ஏராளம். க்ளோவர் க்ளப்பின் ராஸ்பெரி நிறமும் மேலே நிற்கும் வெண்ணுரையும் கல்யாணத்துக்கென்றே செய்தவை போலிருக்கும். ஆனால் அந்த நுரை பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் வருவது. கோடைக் கூடாரத்தில், கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கும் கூட்டத்தில், அதைக் கொடுக்கக் கூடாது. கார்ப்ஸ் ரிவைவர் என்றால் பிணத்தை எழுப்புவது. சுவை அருமை என்றாலும் மங்கலமான இடத்தில் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலும் அதில் சேரும் கீனா லில்லே என்ற கசப்பு ஒயினை 1986இல் மாற்றியமைத்துவிட்டார்கள். அன்றைய சுவை இன்றைய புட்டியில் இல்லை. தேனும் எலுமிச்சையும் ஜின்னும் சேர்ந்த பீஸ் நீஸ் எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் கோப்பை கோப்பையாகக் குலுக்கித்தான் தர வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்பதா?

கடைசியில் ஃப்ரெஞ்ச் 75இல் வந்து நின்றேன். ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, மேலே ஷாம்பெய்ன். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை நம்பியிருந்த 75 மில்லிமீட்டர் பீரங்கியின் பெயர் இது. பிணத்தின் பெயரைத் தள்ளிவிட்டுப் பீரங்கியின் பெயரை ஏற்பது சரியா என்று நெடுநேரம் யோசித்தேன். 1920களின் ஜாஸையும் மணிகள் தொங்கும் கவுன்களையும் நாம் வெறும் குதூகலமாகப் பார்க்கிறோம். அன்று ஆடியவர்களில் பலர் போர்க்களத்திலிருந்து மீண்டவர்கள், அல்லது அண்ணனையோ காதலனையோ அங்கே இழந்தவர்கள். பிரிட்டனிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஏழு லட்சம் வீரர்கள் திரும்பி வரவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகும் மேசையைச் சுற்றிக் கூடிச் சிரித்தவர்களை நினைக்க வேண்டுமென்றால், இந்தப் பெயர் இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது. மணப்பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவளுக்கும் சம்மதம்.

இந்தப் பானத்தின் பெரிய அனுகூலம், முக்கால்வாசி வேலையை முன்பே முடித்துவிடலாம் என்பது. கோப்பைக்கு 30 மில்லி ஜின், 15 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி சர்க்கரைப் பாகு, 60 மில்லி ஷாம்பெய்ன். நூறு பேருக்கு 3 லிட்டர் ஜின், சாறும் பாகும் ஒன்றரை லிட்டர் வீதம், ஷாம்பெய்ன் 8 புட்டி. பெரும்பாலோர் மறந்துவிடும் ஒரு பொருள் உண்டு: தண்ணீர். ஐஸோடு குலுக்கும்போது ஐஸ் உருகிப் பானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீர் சேர்கிறது. குலுக்காமல் மொத்தமாகக் கலப்பவர் அந்த நீரை அளந்து ஊற்றியாக வேண்டும். நம் 6 லிட்டர் கலவைக்கு ஒன்றரை லிட்டர். அது இல்லாவிட்டால் ஜின் நாக்கில் அறையும், புளிப்பு தனியாகத் துருத்தி நிற்கும். எலுமிச்சையை அன்று காலையில்தான் பிழிய வேண்டும். ஒரு நாள் ஆனால் சாற்றின் மணம் போய்விடும். ஷாம்பெய்னைக் கோப்பையில் ஊற்றும் கணத்தில் மட்டுமே சேர்க்க வேண்டும்.

முன்கூட்டியே கலந்து வைப்பது பழைய முறைக்குத் துரோகமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. 1862இல் வந்த ஜெர்ரி தாமஸின் புத்தகத்திலேயே புட்டியில் அடைக்கும் காக்டெயில் இருக்கிறது. ஷாம்பெய்னுக்குப் பதிலாகக் கென்ட்டிலேயே தயாராகும் நுரை ஒயினை வாங்கினோம். 1920களில் அது இல்லைதான். ஆனால் பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் இருப்பதைப் போன்ற சுண்ணாம்பு மண் தென்கிழக்கு இங்கிலாந்திலும் இருக்கிறது. திருமணம் நடக்கும் ஊரின் திராட்சையை விருந்தினருக்குக் கொடுப்பது எனக்குப் பெருமையாகவே இருந்தது. கோப்பையிலும் விட்டுக்கொடுத்தோம். கிராடக் சொல்வது நொறுக்கிய ஐஸ் போட்ட உயரமான கிளாஸ். மணப்பெண் கேட்டது படங்களில் பார்க்கிற அகன்ற ஆழமில்லாத கூப் கோப்பை. அதில் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். ஆகவே நிறைய ஊற்றி வைக்காமல், ஆள் வர வர ஊற்றுவது என்று முடிவாயிற்று.

நான் அதிக நேரம் செலவிட்டது தோழியின் தாயாருக்கான பானத்தில்தான். சிறுமியாக இருந்தபோது பேண்ட் ஆஃப் ஹோப் சங்கத்தில் மதுவைத் தொடுவதில்லை என்று கையெழுத்திட்டவர் அவர். 1847இல் லீட்ஸ் நகரில் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சங்கம் அது. 1920களின் இங்கிலாந்து என்றால் சவாய் ஹோட்டல் மட்டுமில்லை. அந்தச் சங்கத்தின் கூட்டங்களும், தேநீர் விருந்துகளும், சொன்ன சொல்லைக் காத்த லட்சக்கணக்கான குடும்பங்களும் சேர்ந்ததுதான். கிராடக்கின் புத்தகத்திலேயே மது கலவாத பானங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அப்படியிருக்க, தோழியின் தாயார் கையில் ஒரு கிளாஸ் ஆரஞ்சுச் சாற்றைத் திணித்து ஓரமாக உட்கார வைப்பது அந்தக் காலத்துக்கே செய்யும் அநியாயம்.

ஜின்னுக்கு மணம் கொடுப்பது ஜூனிபர் காய். அதை இடித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து வடிகட்டினால் அந்த மணம் அப்படியே இறங்குகிறது. ஒயினில் இருக்கும் லேசான துவர்ப்புக்குக் கொஞ்சம் ஆறிய தேநீர். எலுமிச்சைச் சாறு அதே அளவு. மேலே எல்டர் பூவின் மணமேற்றிய சோடா. இரண்டுக்கும் ஒரே கூப் கோப்பை. நிறமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், மாறிப் போகாமலிருக்க மது உள்ளதில் எலுமிச்சைத் தோல் சுருள், இல்லாததில் ஒரு தைம் தளிர் என்று வைத்தோம். கார் ஓட்டுபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்து இரண்டாவது வகையைத் தாராளமாகவே கணக்கிட்டோம். இரண்டு தட்டுகளும் கூடாரத்துக்குள் ஒரே நேரத்தில் வர வேண்டும், எது வேண்டும் என்று விருந்தினரைக் கேட்ட பிறகே நீட்ட வேண்டும் என்று பரிமாறும் பிள்ளைகளிடம் மணப்பெண்ணே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.