காலை 5 மணிக்கு வராமல் போன குரல்

இது கொஞ்சம் நீளமான இழை. உங்க வீட்டில் வயதான அம்மாவோ அப்பாவோ தனியா இருந்தால், ஒரு டீயை எடுத்துக்கிட்டு வந்து பொறுமையா படிங்க.

2021 மே மாதம். நான் சென்னையில் கொரோனா வார்டில். அந்த மாதம் எப்படி இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும், விரிச்சு எழுதல. அம்மா பாளையங்கோட்டையில் தனியாக. வயது 79. அப்பா இல்லை.

இரவு 10 மணிக்கு மேல் வார்டு வாசலில் நின்று, என்95 மாஸ்க்கைக் கழற்றாமலே அம்மாவுக்குப் போன் போடுவேன். "சாப்டாச்சாம்மா?" என்றால், "சாத்தியாச்சு, பின் கதவையும் சாத்தியாச்சு" என்பார். இன்னொரு நாள், "இன்னைக்கு என்ன கிழமைய்யா?" என்று கேட்டார். அது ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஞாயிறு கூட ஆராதனைக்குத் தவறாத மனுஷி.

டாக்டர் மூளை உடனே எங்கே போகும்? டிமென்ஷியா.

ஜூலை நடுவில்தான் ஊருக்குப் போக முடிந்தது. போன அன்றே 30 மார்க் நினைவாற்றல் சோதனை செய்தேன். 19 வந்தது. ராத்திரி அக்காவிடம் பேசி, வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை என்னோடு கூட்டிப் போவது என்று பாதி முடிவே செய்துவிட்டோம். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை 5 மணிக்கு முழிப்பு வந்தது. வீடு அமைதியாக இருந்தது. அந்த வீட்டில் 5 மணிக்கு அமைதியே கிடையாதே!

சின்ன வயதிலிருந்தே எங்க வீட்டில் ஜெபமும் ரேடியோவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் புத்தளத்தில் டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோவின் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர், 882 கிலோஹெர்ட்ஸ், 400 கிலோவாட். எங்க பக்கமெல்லாம் சாதாரண டிரான்சிஸ்டரிலேயே கணீர்னு விழும். செஷல்ஸ் தீவிலிருந்து ஃபீபா சிற்றலையில் வரும். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அத்தை பிலிப்பைன்சிலிருந்து வரும் வேரித்தாஸ் கேட்பார். ஃபீபா செஷல்ஸ் சிற்றலை 2003-ல் நின்றது. வேரித்தாஸ் சிற்றலை 2018-ல் நின்று இணையத்துக்குப் போனது. நிலையங்கள் இணையத்துக்குப் போயிட்டாங்க, சரி. டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எங்கே போவாங்க?

2017-ல் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் மாக்குலர் டீஜெனரேஷன். விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் நோய். நடக்கலாம், ஆள் வருவது தெரியும். ஆனால் எந்த எழுத்தைப் பார்க்கிறோமோ அந்த எழுத்தின் மேலேயே ஒரு கறை உட்கார்ந்துவிடும். 60 வருடம் காலையில் வேதம் வாசித்தவருக்கு அது. உடனே சிங்கப்பூர் நண்பர் மூலம் ஒரு இன்டர்நெட் ரேடியோ வாங்கி வைத்தேன். 1-ம் பட்டனை அமுக்கினால் தமிழ்க் கிறிஸ்தவ நிலையம். 5 மணிக்குப் பாட்டு, வேத வாசிப்பு, தியானம், ஜெபம். நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை.

இப்போது கொஞ்சம் டெக்னிக்கல். அந்த மாதிரி ரேடியோ பெட்டிகள் பல, நேரே நிலையத்துக்குப் போவதில்லை. நடுவில் ஒரு நிறுவனத்தின் சர்வர் இருக்கும். எந்த நிலையத்துக்கு எந்த முகவரி என்ற பட்டியல் அதனிடம்தான். பட்டனை அமுக்கினால் பெட்டி அங்கே கேட்கும், முகவரி வந்தால்தான் பாட்டு. அந்தப் பட்டியல் சேவையை 2021 ஏப்ரல் கடைசியில் மூடிவிட்டார்கள். நிலையம் ஓடுகிறது, வீட்டில் நெட் இருக்கிறது, பெட்டியும் நல்லா இருக்கிறது. சத்தம் மட்டும் வராது. சின்னத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதை வாசிக்க முடிந்தால் அம்மாவுக்கு ரேடியோ எதுக்கு?

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நாந்தான் எதையோ தொட்டுக் கெடுத்துட்டேம்னு நெனச்சேன்யா. நீ அங்க பொணத்துக்கு நடுவுல நிக்க. இதப் போயி ஒங்கிட்ட சொல்லவா?"

"பொறவு காலைல என்ன செய்வீங்க?"

"வேதத்த மடியில விரிச்சு வச்சுக்கிட்டு, தெரிஞ்ச சங்கீதத்த சொல்லிக்கிடுதேன்."

இரண்டரை மாதம் இப்படி.

ஆலயம் பூட்டியிருக்கிறது. பேப்பர் வாசிக்க முடியாது. தேதியையும் கிழமையையும் அவருக்குத் தினமும் சொன்னது அந்த ரேடியோ ஒன்றுதான். என் சோதனையின் முதல் கேள்வியே, இன்று என்ன தேதி, என்ன கிழமை! அது போதாதென்று அதே சோதனையில் ஒரு வரியை வாசிக்கணும், ஒரு வாக்கியம் எழுதணும், படத்தைப் பார்த்து வரையணும், பேனாவைக் காட்டினால் பெயர் சொல்லணும். கண் தெரியாதவரிடம் இதைக் கேட்டுவிட்டு மார்க்கைக் குறைத்தவன் அடியேன்.

காதுக்கு வருவோம். வயதாகும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண் கேட்கும் திறன். உயிரெழுத்து ஓசைகள் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணில் பலமாக இருக்கும், அது கேட்கும். க, ச, ட, த, ப எல்லாம் குழம்பும். அதனால்தான் "சாப்டாச்சா", "சாத்தியாச்சா" ஆனது. என்95 வேறு உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும், வாயசைவையும் மறைக்கும். சத்தத்தைக் கூட்டினால் குழப்பம் தீராது, வலிதான் வரும்.

மெழுகை எடுத்துவிட்டு ஆடியோகிராம் பார்த்தோம். இரண்டு காதிலும் நடுத்தரக் குறைபாடு. ஒரு வாரம் கழித்து, காதில் ஒலிபெருக்கி மாட்டி, நான் மாஸ்க் இல்லாமல் ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து, பார்வை தேவைப்படும் கேள்விகளைக் கழித்துவிட்டு மறுபடி கேட்டேன். பெரும்பாலும் சரி. மூன்று வார்த்தைகளில் ஒன்று மட்டும் இரண்டு தடவையும் திரும்பி வரவில்லை. அதை மறைக்க மாட்டேன். கொஞ்சம் மறதி இருக்கிறது, வருடா வருடம் பார்த்துக்கொண்டு வருகிறோம். ஆனால் வீட்டைப் பூட்டும் அளவுக்கு அன்று எதுவும் இல்லை. (டிமென்ஷியாவுக்கான, தவிர்க்கக்கூடிய 14 காரணிகளை லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. காது ஏற்கெனவே இருந்தது, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு அந்த முறை சேர்ந்தது. அம்மாவுக்கு இரண்டுமே.)

ரேடியோவை அக்கா மகன் பார்த்துக்கொண்டான். இன்ஜினியரிங் மாணவன். ஒரு ராஸ்பெர்ரி பை, சின்ன மரப்பெட்டியில் ஒரு ஸ்பீக்கர், முன்னால் ஒரே ஒரு திருகு. திருகினால் சத்தம், கடைசிவரை திருப்பினால் ஆஃப். திரையே இல்லை. நிலையத்தின் ஸ்ட்ரீம் முகவரி நேராக உள்ளே இருக்கிறது, நடுவில் யாரும் இல்லை. 5 மணிக்குத் தானே பாடும். பாஸைக் குறைத்து, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸைக் கொஞ்சம் தூக்கி வைத்தோம். கேட்க நமக்குத் தகரம் மாதிரி இருக்கும், அம்மாவுக்கு வார்த்தை புரியும். கரண்ட் போனாலும் ஓட ரவுட்டரும் இன்வெர்ட்டரில். நெட் போனால் எஸ்டி கார்டில் உள்ள தமிழ் வேதாகமப் பதிவு ஓடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, அவன் கேட்காமலே செய்த ஒன்று. ஸ்ட்ரீம் 5 நிமிடம் நின்றால் அவன் போனுக்குச் செய்தி வரும். அம்மா யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

உங்க வீட்டுப் பெரியவருக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கரோ ஆப்போ வைத்துக் கொடுத்திருக்கீங்களா? நல்லது. அது நின்றுபோனால் உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னைக்கு ராத்திரி போன்ல, "காலைல ரேடியோல என்ன வந்தது?"ன்னு ஒரு தடவை கேளுங்க. மாஸ்க் போடாமல், மெதுவா.

அம்மாவுக்கு இப்போது காதுக்கருவியும் இருக்கிறது. புதுப் பெட்டியில் ஒரு குறைதான் சொல்கிறார். இணையத்தில் ஒலி சேர்ந்து வர அரை நிமிடம் ஆகும் அல்லவா, ஆலயத்தில் 5 மணி அடித்து முடிந்த பிறகுதான் ரேடியோவில் 5 மணி ஆகிறதாம்.

"ஒம் மருமவன்ட்ட சொல்லு, அத கொஞ்சம் முன்னால தள்ளி வைக்கச் சொல்லி."

அவனிடம் சொன்னேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.