பூச்சிமருந்தும் பிள்ளையின் தோலும்

சொறிசிரங்கு மதரஸா விடுதிகளுக்குப் புதியதன்று. பாய்களை நெருக்கிப் போட்டு உறங்கும் இடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் பலருக்கும் பரவும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணி ஒன்று தோலின் மேலடுக்கைக் குடைந்து முட்டையிடுவதே காரணம். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் அரிப்பெடுக்கும், இரவில் மிகும்.

சென்ற ஆண்டு எங்கள் பிள்ளைகளுக்கு மருத்துவர் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை எழுதிக்கொடுத்தார். வயலுக்கு சைபர்மெத்ரின் அடித்துப் பழகிய ஒரு தந்தை, "ஹஜ்ரத், இது பூச்சிமருந்தாச்சே, பிள்ளை உடம்பில் தடவலாமா?" என்று அஞ்சினார். மற்றொருவரோ, "மாட்டு உண்ணி மருந்தையே தண்ணீரில் கலந்து பூசிவிட்டால் செலவு மிச்சம்" என்றார். ஒருவரிடம் அளவுக்கு மீறிய அச்சம். மற்றவரிடம் அளவுக்கு மீறிய துணிவு. இரண்டாலும் துன்புறுவது பிள்ளையே.

பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லிதான்; அதை மறைக்க வேண்டியதில்லை. செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றில் இயற்கையாக உள்ள நஞ்சைப் பின்பற்றி, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1973-இல் உருவாக்கப்பட்டது. உண்ணியின் நரம்பை அது செயலிழக்கச் செய்கிறது. மனிதத் தோலின் வழியே உள்ளே செல்வதோ பூசியதில் சுமார் 2 சதவீதமோ அதற்கும் குறைவோதான். அதையும் உடல் விரைவில் சிதைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. பூனையின் உடலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே களிம்பு பூசியவரிடம் பூனையை அண்டவிடலாகாது.

வயலுக்கும் மாட்டுக்கும் உரிய மருந்து வேறு. பெயர் ஒலி ஒத்திருக்கலாம். ஆனால் அதன் செறிவும், அதில் கலந்துள்ள கரைப்பான்களும் மனிதத் தோலுக்காக அமைந்தவையல்ல. அதை நீர்த்துப் பூசுவது சிக்கனமன்று, ஆபத்து.

பூசும் முறை எளிது. கழுத்து முதல் உள்ளங்கால் வரை, நகத்தின் அடியையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். இஷா தொழுதுவிட்டு 9 மணிக்குப் பூசினால் பஜ்ருக்கு முன் குளிக்க நேரம் சரியாக இருக்கும். இடையில் தஹஜ்ஜுதுக்கு உளூச் செய்தால், கழுவிய இடங்களில் மீண்டும் பூச வேண்டும். உடனிருப்போர் அனைவரும் ஒரே இரவில் பூச வேண்டும். துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூச வேண்டும். எரிச்சல் சிறிது தோன்றலாம். உண்ணி மடிந்த பின்னும் சில வாரங்கள் அரிப்பு நீடிக்கும். அதற்காக நாள்தோறும் பூசக் கூடாது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்காமல் பூசலாகாது.

விளக்கிச் சொன்னபின் இரு தந்தையரும் இசைந்தனர். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இரவில் பூசினோம், அல்ஹம்துலில்லாஹ், குணமாயினர்.

ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பட்டாடையை, தோல் அரிப்பின் காரணமாக ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகிய இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஓர் அரிப்பைக்கூட அற்பமாகக் கருதாத மார்க்கம் இது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளையின் தோல் அமானிதம். அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும், அறியாமல் கண்டதைப் பூசுவதும் அந்த அமானிதத்துக்குப் பொருந்தா.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நலமும் நமக்குத் தெளிவும் அருள்வானாக! ஆமீன்.