சோறு குறைந்த இலை

விரத நாளில் உடல் எடை கூடுவது நம் குடும்பங்களில் புதிதன்று. சஷ்டி, கார்த்திகை, சனிக்கிழமை என்று இரவுச் சோற்றை விலக்குவோர், அதற்கு ஈடாக இட்லி, தோசை, அடை, ரவா உப்புமா, ஜவ்வரிசிக் கிச்சடி என்று இலையை நிரப்பிக் கொள்கின்றனர். இதற்குப் 'பலகாரம்' என்று பெயர். பழத்தை ஆகாரமாகக் கொள்ளுதல் என்னும் பொருளில் பிறந்த சொல் அது என்பர். அதிலிருந்து பழம் எப்போது போயிற்று, எண்ணெய்ச் சட்டி எப்போது வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

சோறு போனாலும் மாவுச்சத்து போவதில்லை. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உண்டு. ரவையில் 70 கிராமுக்கு மேல். ஜவ்வரிசியில் அரிசியையும் மிஞ்சும். சாமையும் கேழ்வரகும் நார்ச்சத்தால் உயர்ந்தவையே. ஆனால் அவற்றிலும் மாவு 65 கிராமுக்குக் குறையாது. அரிசிக்குப் பதில் சாமை என்று சொல்லி இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் கணக்கு அப்படியே நிற்கும்.

உதகமண்டலத்தின் காந்தல் பகுதியில் வசிக்கும் ஓர் அம்மையார் இக்கணக்கைத் தம் உடலிலேயே போட்டுப் பார்த்தார். வயது 67. உயரம் ஐந்தடி, எடை 74 கிலோ. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். பிரதோஷந்தோறும் காந்தல் காசி விஸ்வநாதர் கோயிலுக்குச் செல்வது வழக்கம். காந்தலில் எங்கே போனாலும், போகும்போது இறக்கமென்றால் திரும்பும்போது ஏற்றம். முழங்கால் வலியால் மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கித்தான் அவர் வீடு சேர்வார். பிறகு பிரதோஷம் மாதத்துக்கு ஒன்றாயிற்று, அதுவும் நின்றது. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னார். ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்றார். அந்த ஒரு வாக்கியம் அம்மையாரைப் பிடித்துக் கொண்டது.

இவ்வகை உணவுமுறை புதியதன்று. 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர், ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றை விலக்கி எடை குறைந்த தம் அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். அவருக்கும் அப்போது வயது 66. ஆனால் அவர் தட்டில் மாவுக்குப் பதிலாக இறைச்சியும் மீனும் இருந்தன. சைவ உணவினர் அவ்வழியே செல்ல முற்படும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது: சோற்றை எடுத்த இடத்தில் எதை வைப்பது?

அம்மையார் எதையும் வைக்கவில்லை. புரட்டாசியில் தொடங்கினார். காலையில் நான்கு இட்லி இரண்டாயிற்று. மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம், கொஞ்சம் பொரியல். இரவில் ஒரு வாழைப்பழம். மாதம் இரண்டு கிலோ குறைந்தது. மகிழ்ச்சிதான், மனத்தில் ஓர் உறுத்தலும் இருந்தது. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றியே கிடைக்கிறது. ஆயினும் அரிசிக்கு ஏங்கிய காலத்தை அவர் மறக்கவில்லை. சோற்றை ஒதுக்குவது அன்னபூரணியை ஒதுக்குவதாகாதா? ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. அன்னாபிஷேகத்தில் லிங்கத் திருமேனி முழுவதும் வெண்சோறு சாத்தியிருந்ததைக் கண்டு அவர் கண் கலங்கினார். பிரசாதம் வாங்கக் கை நீளவில்லை. அர்ச்சகர் காரணம் கேட்டறிந்து, "அம்மா, கையில் வாங்குவது பிரசாதம், இலை போட்டு வாங்கினால்தான் சாப்பாடு" என்று சிரித்தபடியே ஒரு கவளம் கொடுத்தார். நல்ல கணக்கு அது. வீட்டுக்கு எவர்சில்வர் தூக்குப் பாத்திரம் நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து இரண்டு நாள் உண்பதற்குப் பிரசாதம் என்று பெயரிடுவது நம் வசதிக்காகத்தான்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, திருவெம்பாவை பாடக் கிளம்பிக் கொண்டிருந்தபோது அம்மையாருக்குக் கை நடுங்கியது, கண் இருண்டது, உடலெல்லாம் வியர்த்தது. உதகையின் மார்கழிக் குளிரில் வியர்வை! கணவர் பதறிப்போய்ச் சர்க்கரையை நீரில் கரைத்துப் புகட்டினார். கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. சோறு பாதியாகக் குறைந்திருந்தது. சர்க்கரை மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைக் குறைப்பது ஆபத்தானது. இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் எடை குறையும்போது மாற்ற வேண்டியிருக்கலாம். எடை குறைந்த செய்தியை ஊரெல்லாம் சொல்லி மகிழும் நம்மவர்கள் அதை மருத்துவரிடம் மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

"உன் சாப்பாட்டைப் பார்த்தாலே எனக்குப் பயமாயிருக்கு" என்றார் கணவர்.

"சோத்தைக் குறைக்கச் சொன்னாங்க, குறைச்சேன். வேறென்னங்க செய்யணும்?" என்றார் அம்மையார்.

மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். பிறகு அம்மையாரை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொன்னார். எழ முடியவில்லை. குறைந்த ஐந்து கிலோவில் கொழுப்பு மட்டுமன்றித் தசையும் போயிருந்தது. முதுமையில் போன தசை எளிதில் திரும்பாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதமேனும் புரதம் வேண்டும் என்றும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு வேறு என்றும் அவர் விளக்கினார். அம்மையார் உண்டு வந்ததில் அதில் பாதிகூட இல்லை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானியம் என மாற்றுவதால் மட்டும் பெரும்பயன் இல்லை. மாவின் ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைப்பதே நன்மை தரும் என்பது அதன் சாரம். சைவ உணவினருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

உதகையில் இருப்போருக்கு இது இன்னும் எளிது. 1820களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில் இம்மலைக்கு வந்த மேனாட்டுக் காய்களில் உருளைக்கிழங்கு மட்டுமே மாவு மிகுந்தது. முட்டைக்கோஸ், காலிபிளவர், பீன்ஸ், நூல்கோல், முள்ளங்கி எல்லாம் வயிற்றை நிரப்பும், மாவை ஏற்றாது. மார்க்கெட்டில் அவை குவிந்து கிடக்க, காந்தல் வீடுகளில் வாரம் நான்கு நாள் உருளைக்கிழங்கு மசாலாவே மணக்கிறது!

அம்மையாரின் சமையல் மாறியது. காலையில் ஊறவைத்த பாசிப்பயறு அரைத்த தோசை இரண்டு. மாவில் ஒரு பிடி அரிசிகூடச் சேர்ப்பதில்லை. மதியம் இலையில் முதலில் கோஸ் பொரியலும் கூட்டும். பின்பு கெட்டியான பருப்பு. அதன் பிறகே ஒரு கரண்டி சோறு, கடைசியில் ஒரு கிண்ணம் தயிர். அண்டை வீட்டுப் படகர் இனத்துப் பெண்மணி அவரைப் பருப்புக் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தார். வாரம் இருமுறை அதுதான். மாலை நாலு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை. 50 கிராம் கொண்டைக்கடலையை வேகவைத்தால் 9 கிராம் புரதம் கிடைக்கும். நவராத்திரியின் ஒன்பது நாளுக்கு மட்டும் சுண்டலை ஒதுக்கி வைத்தது எதற்கோ! இரவில் பனீரும் காய்களும் வதக்கியது, அல்லது காய்கறிச் சூப்பும் ஒரு தம்ளர் பாலும். கூடவே, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை.

அதன் பிறகு எடை மெல்லத்தான் குறைந்தது. ஆறு மாதத்தில் மூன்று கிலோ. இடையில் ஒரு மாதம் அசையவே இல்லை; பங்குனியில் இரண்டு கல்யாணங்களுக்குக் கோவைக்குப் போய் வந்ததில் ஒரு கிலோ ஏறியும்விட்டது. ஆடியில் 66 கிலோ. ஐந்தடி உயரத்துக்கு அது இன்னும் அதிகம்தான். ஆனால் கையூன்றாமல் எழ முடிகிறது. பிரதோஷத்தன்று ஏற்றத்தில் ஒரே ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்கினால் போதும்.

தேநீரில் சர்க்கரையை விட்டதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்கிறார் அம்மையார். அந்தக் குளிரில் நாளொன்றுக்கு ஐந்து முறை தேநீர், முறைக்கு இரண்டு கரண்டி என்றால் பத்துக் கரண்டிச் சர்க்கரை. ஏறத்தாழ 50 கிராம். ஒரு வேளைச் சோற்றுக்கு நிகரான மாவுச்சத்து தம்ளர் வழியாகவே உள்ளே போயிருக்கிறது. அதை நான்கு மாதத்தில் கால் கரண்டி கால் கரண்டியாகக் குறைத்து முடித்தார். ஊட்டி வர்க்கி மட்டும் இன்னும் அவ்வீட்டு டப்பாவில் இருக்கிறது. அது கணவருக்கு.