பின்சீட்டுக்கு ஒரு வண்டி

ஜனவரி 3, 2026, சனி

பொங்கல் கழிந்ததும் புது வண்டி எடுப்பது என்று முடிவாகிவிட்டது. மார்கழியில் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். நல்லதுதான், அதுவரை நிதானமாகப் பார்க்கலாம், ஓட்டலாம்.

எதற்கு வண்டி என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்கிறேன். நானும் மனைவியும் மதுரையிலிருந்து ராமேஸ்வரம், வால்பாறை, கன்னியாகுமரி என்று சேர்ந்து போய்வருவதற்கு. தனியாக லடாக் போகும் எண்ணம் எனக்கு இல்லை. அவளுக்கு இடுப்புக்கு மேலே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. குலுக்கல் ஆகாது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும் என்றார். ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கப் போவது அவளுடைய முதுகு.

யாரிடம் கேட்டாலும் எடுத்த எடுப்பில் சிசி, குதிரைசக்தி என்றே ஆரம்பிக்கிறார்கள். நான்கு வழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. அந்த வேகத்தில் பகல் முழுக்க இருவரைச் சுமந்து அலட்டாமல் ஓடும் எஞ்சின் போதும். அதற்கு மேல் உள்ள சக்திக்குக் கொடுக்கும் பணம் அவள் முதுகுக்குப் போய்ச் சேராது.

ஜனவரி 4, ஞாயிறு

ஷோரூமுக்கு இருவருமாகப் போனோம். எங்கள் வழித்தடங்களில் சின்ன ஊர்களில்கூடப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார் என்பதால் ராயல் என்ஃபீல்டு மட்டும் என்று ஏற்கெனவே சுருக்கிக்கொண்டோம். மூன்று வண்டிகளை ஓட்டினேன். மூன்றிலும் அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

ஹிமாலயன் 450-இல் உட்கார்ந்ததும் ஓட்டுபவன் முதுகு நிமிர்கிறது. பாதம் இடுப்புக்கு நேர் கீழே இருக்கிறது. பள்ளம் வந்தால் காலை ஊன்றிச் சற்று எழுந்துகொள்ளலாம். முன்னும் பின்னும் 200 மி.மீ. சஸ்பென்ஷன் பயணம். முதுகெலும்பைக் காப்பதற்கு இதைவிட நல்ல அமைப்பு மூன்றில் வேறில்லை. ஆனால் சீட்டைத் தாழ்த்தி வைத்தாலே உயரம் 825 மி.மீ. பின்சீட் அதற்கும் மேலே. அவள் ஃபுட்ரெஸ்ட்டில் காலை வைத்து, எம்பி, இடுப்பைத் திருகித்தான் உட்கார முடிந்தது.

"ஏங்க, ஓடும்போது சுகமாத்தான் இருக்கு. ஆனா ஒன்றரை மணிக்கு ஒருதரம் இப்படி ஏறி இறங்கணும்ல?" என்றாள். அதோடு அது முடிந்தது.

சூப்பர் மீட்டியர் 650-இல் சீட் 740 மி.மீ.தான். ஏறுவது எளிது, ஓட்டம் அமைதி. எடை 241 கிலோ. டீக்கடை ஓரத்துச் சரளையில், சரிவில், அவளும் பையும் இருக்கும்போது அதைப் பின்னுக்குத் தள்ளித் திருப்ப வேண்டும் என்று நினைத்தாலே என் முதுகும் பேச ஆரம்பித்துவிடும். பின் சஸ்பென்ஷன் பயணமும் 101 மி.மீ.தான்.

மீட்டியர் 350: சீட் 765 மி.மீ., எடை 191 கிலோ, ட்யூப்லெஸ் டயர். 349 சிசி எஞ்சினில் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் அதிர்வு குறைவு. 20 குதிரைசக்திதான். ஆனால் 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை 4000 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது. ஆளோடும் சுமையோடும் மேடு ஏற வேண்டியவர்களுக்கு அந்த எண்தான் முக்கியம்.

ஜனவரி 8, வியாழன்

மீட்டியர் என்று தீர்மானித்தோம். வரியும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. சென்ற செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். மிச்சமாகும் தொகையைச் சீட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஒதுக்கிவிட்டேன்.

இந்த வண்டியின் குறையும் தெரிந்தே வாங்குகிறேன். க்ரூசர் வகையில் பாதம் முன்னால் நீண்டுவிடுகிறது. காலை ஊன்றி எழ முடியாததால் உடம்பின் பாரம் முழுவதும் வால் எலும்பைச் சுற்றி இறங்குகிறது, பள்ளத்தின் அடி நேரே முதுகுக்குப் போகிறது. மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வை மிகுதியாக உணர்வது விநாடிக்கு 4 முதல் 8 அதிர்வு என்ற அளவில். மோசமான சாலையில் வண்டி குலுக்குவது பெரும்பாலும் அந்த எல்லைக்குள் வந்து விழும். சீட்டும் ஸ்பிரிங்கும்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் பின்னால் சாய்ந்துகொள்ளப் பேக்ரெஸ்ட்டும் கம்பெனியிலேயே பொருத்தித் தரும் சூப்பர்நோவா வகையைப் பதிவு செய்தேன்.

ஜனவரி 17, சனி

தை பிறந்து வண்டி வந்தது. எலுமிச்சம்பழம், சந்தனம், பிள்ளையார் கோயில் எல்லாம் ஆயிற்று. 500 கிலோமீட்டரில் முதல் சர்வீஸ். அதுவரை முறுக்காமல் ஓட்ட வேண்டும்.

கூடுதல் பொருள்களின் பட்டியலை நீட்டினார்கள். எதையும் வாங்கவில்லை. ஒரு மாற்றம் செய்வது, அதே சாலையில் அதே தூரம் போய்வருவது, பிறகு அடுத்தது. ஒரே நாளில் நாலு பொருளை மாட்டிவிட்டால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

ஜனவரி 24, சனி

இன்றைய வேலைக்குக் காசு செலவில்லை. பலன் மட்டும் பெரிது.

பின் ஷாக் அப்சார்பரில் ஆறு படி இருக்கிறது. எடுத்துக்கொண்டு வந்த நாளில் எந்தப் படியில் இருந்ததோ அதிலேயே ஆயுசுக்கும் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட் ஓரத்தில் ஒட்டிய டேப் வரை அளந்தேன். பிறகு இருவரும் ஹெல்மெட், பையோடு உட்கார, தம்பி அதே தூரத்தை மீண்டும் அளந்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி அமுங்கும் அளவு. மொத்தப் பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. நாங்கள் உட்கார்ந்ததுமே பாதிக்கு மேல் போய்விட்டது. அப்படியானால் பள்ளம் வரும்போது மிச்சம் ஏது? அடியில் போய் இடிக்கும். இடித்தால் அவள் முதுகு.

சி-ஸ்பேனரால் இருபக்கமும் ஒரே அளவாகப் படியை ஏற்றி, மறுபடி அளந்து, மறுபடி ஏற்றினோம். இதனால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடுவதில்லை. வண்டியின் பின்பக்கம் உயர்ந்து, அமுங்குவதற்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். நான் மட்டும் அலுவலகம் போகும் நாளில் படியை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றை ஆளுக்கு அது தூக்கிப்போடும். டயர் காற்றும் அப்படியே. இருவருக்கு என்று ஸ்டிக்கரில் தனி அளவு இருக்கிறது. பங்க் பையனின் கைக்கணக்கை நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கினேன்.

மாலையில் மேலூர் வரை போய்வந்தோம். வேகத்தடையில் அவள் என் தோளைப் பிடிக்கவில்லை.

ஜனவரி 31, சனி

சீட்.

கடையில் விரல் வைத்து அழுத்தினால் உள்ளே போகும் சீட்டைத்தான் நல்ல சீட் என்று எல்லாரும் வாங்குகிறார்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் முதல் அரைமணி நேரம் சுகம். பிறகு நசுங்கி, பழைய சோபா போல, அடிப்பலகை எட்டிவிடும். உட்காரும்போது தரையில் படும் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. பாரம் அவற்றின் மீதும் சுற்றியுள்ள சதையின் மீதும் பரவலாக விழ வேண்டும், நடுவில் வால் எலும்பு தொங்கலாக இருக்க வேண்டும். அதற்குச் சீட் பின்பக்கம் அகலமாகவும் கெட்டியாகவும் வேண்டும்.

தெற்குவாசல் பக்கம் பல காலமாகச் சீட் தைக்கும் ஒருவரிடம் போனோம். அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, சாக்பீஸால் குறி போட்டுவிட்டு, "அண்ணே, ஸ்பாஞ்ச வெட்டிக் குழி பண்ணச் சொல்லாதீங்க. வெட்டுனா கனம் போயிரும், அக்காவுக்கு இன்னும் வலிக்கும். அடியில கெட்டி ஃபோம் வச்சு மேல மெல்லிசா ஒண்ணு ஒட்டுறேன்" என்றார். நான் படித்ததை அவர் கையால் தெரிந்து வைத்திருக்கிறார். முன் சரிவையும் சமன்படுத்தச் சொன்னேன். சீட் முன்னால் சரிந்திருந்தால் ஓட்டுபவன் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருப்பான், பின்னால் இருப்பவர் அவன் மேலே வந்து விழுவார். நடுவில் தையல் வேண்டாம் என்றாள் அவள். கோடாக உறுத்தும், மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கி ஃபோமை ஊறவைக்கும். மேலே வழுக்காத சொரசொரப்பு ரெக்சின். வெயிலில் நிறுத்தினால் சுடும் என்பதால் ஒரு வலை உறையும் வாங்கினோம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தனுஷ்கோடி போய்த் திரும்பினோம். ராமேஸ்வரம் வரை 170 கி.மீ. சொச்சம், அதற்கு மேல் அரிச்சல்முனை. பரமக்குடி வரை நான்கு வழி. அதன்பின் இரண்டு வழிச் சாலையில் எதிரே லாரி வரும்போதெல்லாம் காற்று வந்து அறைந்தது.

சீட் தேர்ச்சி பெற்றுவிட்டது. மானாமதுரை தாண்டி ஒருமுறை, ராமநாதபுரத்தில் ஒருமுறை நிறுத்தி நடந்தோம். அவளுக்கு வலி வரவில்லை. என் தோளும் கழுத்தும்தான் இறுகின. காரணம் காற்று. வேகம் 60-லிருந்து 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. கண்ணாடியின் மேல்விளிம்பில் பட்டு எழும் காற்று நேரே ஹெல்மெட்டில் மோதித் தலையை ஆட்டியது. ஓடும்போது கையைக் கண்ணாடிக்கு மேலே மெல்ல உயர்த்திப் பார்த்தேன். சுமார் நாலு விரல் உயரத்தில் காற்று சீரானது. அவ்வளவு உயர்ந்தால் போதும்.

பாம்பன் பாலத்தின் மேல் பக்கக்காற்று. 1988-இல் திறந்த சாலைப் பாலம், இரு பக்கமும் கடல். இங்கே பெரிய கண்ணாடி பாய்மரமாகிவிடும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் வழியே நாகர்கோவில் போனவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றாலைகளை அங்கே நட்டிருப்பது சும்மா இல்லை. கண்ணாடி உயரமானால் நம்மூர் வெயிலில் நெஞ்சில் காற்றும் படாது. ஆகவே இதே கண்ணாடிக்கு மேல் சின்ன நீட்சி மட்டும்.

பிப்ரவரி 14, சனி

மீதி வேலைகள். கண்ணாடிக்கு நீட்சி பொருத்தினேன். ஹேண்டில்பாரைத் தளர்த்தி என் பக்கம் சற்றுத் திருப்பினேன், மணிக்கட்டு நேராகிவிட்டது. உயர்த்தும் கட்டை வாங்கவில்லை, தேவைப்படவில்லை. வாங்குகிறவர்கள் ஹேண்டிலை இருபக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்த்து, கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

டாப் பாக்ஸ் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். கனம் பின் சக்கரத்துக்கும் பின்னால், உயரத்தில் போய் உட்கார்ந்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். இருபக்கமும் தாழத் தொங்கும் பைகள், இரண்டிலும் ஒரே எடை.

சைலன்சரை மாற்றச் சொன்ன நண்பரிடம் முடியாது என்றேன். சட்டம் ஒருபக்கம். நாள் முழுக்கக் காதில் விழும் சத்தமே ஆளைக் களைப்பாக்கும் என்பது இன்னொரு பக்கம். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே 90 டெசிபலைத் தாண்டும். இருவருக்கும் மருந்துக் கடையில் ஃபோம் காதடைப்பான் வாங்கினேன். ஹாரன் கேட்கிறது, இரைச்சல்தான் அடங்குகிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்றுப் போய் இன்று இரவு திரும்பினோம், வால்பாறை. தைப்பூசம் முடிந்துவிட்டதால் பழனிச் சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் இல்லை. ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் ஏறி, இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். எஞ்சின் தடுத்துப் பிடித்ததால் பிரேக்குக்கு அதிக வேலையில்லை, அவளும் முன்னால் வந்து விழவில்லை. வளைவுகளில் நின்று அணையைப் பார்த்தோம். வரையாடு ஒன்று சாலை ஓரம் வரை வந்தது. வீடு வந்ததும் அவள் வெந்நீர் ஒத்தடம் கேட்கவில்லை, தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

அலுவலகத்தில் ஒருவர் 650 எடுக்கப் போவதாகச் சொல்லி யோசனை கேட்டிருக்கிறார். நாளை அவரிடம் சொல்ல வேண்டியது: தாராளமாக எடுங்கள், நல்ல எஞ்சின். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவரைக் கூட்டிப்போய்ப் பின்சீட்டில் ஏற்றி, குறைந்தது அரைமணி நேரம் குண்டும் குழியுமான தெருவில் ஓட்டிப் பாருங்கள். அவர் இறங்கியதும் என்ன சொல்கிறாரோ, அதன்படி முடிவெடுங்கள்.