கிண்ணத்தின் விளிம்பில் எழுதியிருப்பது

மாயா நாகரிகத்தின் வண்ணக் கலங்களை வைத்திருக்கும் அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் விளக்க அட்டைகள் பெரும்பாலும் ஒரே வகையின: "கிண்ணம். மாயா. குவாத்தமாலா அல்லது மெக்சிகோ. பொ.ஆ. 600–900." அந்த 'அல்லது' என்னும் சொல்லைப் பார்வையாளர் எளிதில் கடந்துவிடுகின்றனர். கிண்ணம் அத்தகைய அழகுடையது. குயவர் சக்கரத்தை அறியாத கைகள் வனைந்து, வண்ணக் களிமண் குழம்பால் ஓவியம் தீட்டி, மெருகேற்றிச் சுட்டது. விளிம்பை ஒட்டி ஒரு வரிசை எழுத்துகள் ஓடுகின்றன.

பல கலங்களில் இவ்வெழுத்துகள் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் திரும்ப வருவதை 1973இல் மைக்கேல் கோ எடுத்துக்காட்டினார். கலங்கள் கல்லறைகளிலிருந்து வந்தவை என்பதால், இறந்தோர்க்குரிய மந்திரமாக அது இருக்கக்கூடும் எனக் கருதினார். 1980களில் ஸ்டீபன் ஹியூஸ்டன், டேவிட் ஸ்டூவர்ட், நிக்கோலாய் குரூபே, பார்பரா மக்லியோட் முதலியோரின் வாசிப்புகள் வேறொன்றைக் காட்டின. கலத்தின் வகை, அதில் ஊற்றும் பானம், உடையவரின் பெயர்: எழுதியிருந்தவை இவையே. 'லக்' என்றால் தட்டு. 'உல்' என்றால் மக்காச்சோளக் கூழ். 'ககாவ்' என்றால் சாக்லேட்டுக்கு மூலமான கொக்கோ. மந்திரத்தைத் தேடியவர்களுக்கு, வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டிவைப்பது போன்ற செய்தி கிடைத்தது. இது ஏமாற்றமன்று, மந்திரத்தைவிட அரிய சான்று. குவாத்தமாலாவின் ரியோ அசுலில் 1984இல் அகழ்ந்தெடுத்த, திருகுமூடி கொண்ட கலமொன்றில் ஸ்டூவர்ட் 'ககாவ்' என வாசித்தார்; ஹெர்ஷே நிறுவன ஆய்வகம் அதன் உட்படிவில் தியோபுரோமினையும் காஃபினையும் கண்டறிந்தது.

இக்கலங்களின் மதிப்பைக் கூட்டும் காரணம் இன்னொன்றும் உண்டு. 1562இல் யுகதானின் மானி நகரில் தியேகோ தெ லாண்டா என்னும் துறவி மாயா நூல்களை எரியூட்டினார். இன்று எஞ்சியுள்ள ஏடுகள் நான்கே, நான்கும் பிற்காலத்தவை. செவ்வியல் காலத்தில் தூரிகையால் எழுதப்பட்டவை சுவரோவியங்களிலும் கலங்களிலுமே பெரிதும் எஞ்சின. ஆனால் அக்கலங்களில் பெரும்பகுதியைத் தோண்டியவர்கள் கொள்ளையர்கள். விற்பனைக்காக மங்கிய கோடுகளின்மேல் புதிதாகத் தீட்டப்பட்டவையும் அவற்றுள் உண்டு. ஆகவே வாசிப்பவர் முதலில் ஐயுற வேண்டியது மிகத் தெளிவான எழுத்தையே.

கொள்ளையில் இழந்தது என்ன என்பதை ஒரு கலம் தெளிவாக்குகிறது. 1988இல் பெலீசின் புவெனவிஸ்தா தெல் கயோவில், ஜோசப் பால், ஜெனிஃபர் டாஷெக் ஆகியோரின் அகழாய்வில், இளைஞன் ஒருவனின் புதைகுழியிலிருந்து அழகிய குடிகலம் ஒன்று வெளிப்பட்டது. அதிலுள்ள பெயர் அவ்விளைஞனுடையதன்று. மேற்கே நரஞ்சோவில், 693இல் ஐந்து வயதில் அரியணையேறிய கஹ்க் திலிவ் சான் சாஹ்க் என்னும் அரசனுடையது. பேரரசன் சிறிய ஊரின் தலைமக்களுக்குக் கலம் வழங்கி உறவை நிலைநிறுத்தினான் என்னும் விளக்கம் இங்கிருந்தே வலுப்பெறுகிறது. இதே கலம் கள்ளச்சந்தை வழியாக வந்திருந்தால், பெயரை வாசித்து, 'நரஞ்சோ' என்று அட்டை எழுதி முடித்திருப்பர். வாசிப்பு சரியாகவே இருந்திருக்கும். புவெனவிஸ்தாவோ அந்த இளைஞனோ வரலாற்றில் இருந்திருக்க மாட்டார்கள்.

தோற்றம் அறியப்படாத கலங்களைப் பற்றிய கட்டுரைகளை ஏற்க மறுக்கும் ஆய்விதழ்கள் உண்டு. ஆய்வாளர் வெளியிடும் ஒவ்வொரு வாசிப்பும் சந்தையில் விலையை உயர்த்தும் என்பது அவர்கள் வாதம், அது பொய்யன்று. எனினும் இவ்வெழுத்துகளை வாசிக்கக் கற்றதே பெருமளவு அக்கலங்களைக் கொண்டுதான். கற்றபின் அவற்றை நோக்காது முகத்தைத் திருப்பிக்கொள்வது நேர்மையான நிலைப்பாடாகத் தோன்றவில்லை. வாசிப்பதோடு, கலம் எந்த ஆண்டில், எவரிடமிருந்து, என்ன ஆவணத்துடன் வாங்கப்பட்டது என்பதையும் அதே கட்டுரையில் எழுதக் கோருவதே தகும்.

களிமண்ணின் தனிமக் கூறுகளை நியூட்ரான் முறையில் அளந்து, கலம் வனையப்பட்ட வட்டாரத்தை இன்று ஓரளவு கணிக்க முடிகிறது. குவாத்தமாலாவா மெக்சிகோவா என்னும் 'அல்லது' சில அட்டைகளில் அதனால் நீங்கக்கூடும். புவெனவிஸ்தாக் கலத்தில் கண்டதுபோல, வனைந்த ஊர் வேறு, புதைந்த ஊர் வேறு. இரண்டாவதைச் சொல்லும் கூறு எதுவும் களிமண்ணில் இல்லை.