முதற்பந்தி

புதிதாகத் திறக்கப்பெற்ற உணவுச்சாலையொன்றினுள் முதன்முறையாக நுழைபவன் நாவினால் உண்பதற்கு முன்னரே கண்ணினால் உண்டுவிடுகிறான். வண்ணப்பூச்சின் வாடை மாறாத சுவர், மங்கலான மஞ்சள் விளக்கு, மடிப்புக் கலையாத மேசைவிரிப்பு, தொழிலுக்குப் புதியவரான பணியாளரின் மிகையான உபசாரம் ஆகியன கூடி அவனுடைய தீர்ப்பை எழுதிவிடுகின்றன. சோறு வருவது அதன் பின்னரே. கொழும்பு மாநகரிலே இத்தீர்ப்புகளுக்கு ஆயுளும் குறைவு. ஒரு பெயர்ப்பலகையைப் படித்துப் பழகுவதற்குள் மற்றொன்று அவ்விடத்தில் ஏறிவிடுவதுண்டு.

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளின் பழைய சைவக்கடைகளில் இத்தகைய முதற்பார்வைக்கு இடமிருக்கவில்லை. அங்கு பார்ப்பதற்கு என்ன இருந்தது? வந்தமர்ந்தவர் கேளாமலே ஒரு தட்டில் வடைகள் கொண்டுவந்து வைக்கப்படும். உண்டவற்றை எண்ணிக் காசு கொடுத்தாற் போதும். எஞ்சியவை அடுத்த மேசைக்குப் போகும். சுகாதாரங் கருதி இக்காலத்தவர் முகஞ்சுளிக்கலாம், அது நியாயமே. ஆயினும், பட்டியலைப் படிக்க இயலாதவன் அக்கடைகளில் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

இன்றைய புதிய உணவுச்சாலைகள் காட்சியை முதலாகக் கொண்டவை. கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி இதற்குத் தக்க சான்றாகும். பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடமாகிய அது, 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியின்மீது நிகழ்ந்த குண்டுத்தாக்குதலிற் சேதமுற்றது. பின்னர் திருத்தியமைக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு கடைகளும் உணவுச்சாலைகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. அங்கு முதன்முறை செல்வோர் தடித்த சுவர்களையும் மரவிட்டங்களையும் வியந்து நிற்பர். அச்சுவர்கள் கண்டவற்றைக் கேட்கும் மனநிலையில் பசித்தவன் எவனும் இருப்பதில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவின்றிப் பல அடுப்புகள் அணைந்தன. அந்நெருக்கடி தணிந்த பின்னர் திறக்கப்பட்ட ஓர் உணவுச்சாலைக்கு, பொறியியலாளனாக வேலை பெற்ற இளைஞனொருவன் தன் தந்தையாரை அழைத்துச் சென்றான். அவர் பருத்தித்துறைப் பக்கத்தவர். வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டு அவனைப் படிப்பித்தவர். கண்ணாடிக் கதவின் முன் அவர் செருப்பைக் கழற்ற முனைந்தார். மகன் சட்டென்று அவரது கையைப் பிடித்து உள்ளே நடத்தினான். அப்பிடியில் அன்பு எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்பதை அவனே அறிவான்.

உணவுப்பட்டியல் முற்றிலும் ஆங்கிலத்தில் அமைந்திருந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அப்பட்டியலோ தமிழையும் சிங்களத்தையும் ஒருசேர விலக்கியிருந்தது. அந்தளவில் அதனிடம் பாரபட்சமில்லை எனலாம். தந்தையார் அதனை நெடுநேரம் நோக்கினார். எண்கள் மட்டும் அவருக்கு விளங்கின. பட்டியலை மூடி மேசையில் வைத்தார்.

"எனக்குப் பசிக்கேல்லை, தம்பி. நீ சாப்பிடு."

மகன் ஆங்கிலத்தில் எதையோ கேட்டான். பணியாளனும் ஆங்கிலத்திலேயே விடையளித்தான். அவ்விளைஞன் திரும்பிச் செல்ல எடுத்த அடியை நிறுத்தி, முதியவர் பக்கம் குனிந்தான்.

"ஐயா, இந்த மீன்ல காரம் கம்மிங்க. பட்டியல்ல இல்லாட்டியும் வெறுஞ் சோறு கொண்டு வரலாம். கொண்டு வரட்டுங்களா?"

முதியவர் நிமிர்ந்து பார்த்தார். மகனுடைய முகம் சிவந்தது. ஒரே மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவரும் அதனை மேசைவிரிப்பின் கீழ் மறைத்துவைத்துப் பேசியிருக்கின்றனர்.

"தம்பிக்கு எவடம்?"

"ஹட்டன் பக்கங்க. தோட்டம்."

சோறு வந்தது. தந்தையார் கையாலேயே பிசைந்து உண்டார். மீனில் உப்புக் குறைவென்று சொன்னாரேயன்றி, விளக்கையோ சுவரையோ பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தொழிலாளர் விடுதியில் அறுவர் ஓரறையில் உறங்குவதையும், இதற்கு முன் வேலைசெய்த கடை எட்டு மாதத்தில் மூடப்பட்டதையும், ஊரிலே தங்கை உயர்தரம் படிப்பதையும், தட்டுகளை எடுக்க வந்தபோதெல்லாம் ஒவ்வொரு துண்டாக அவ்விளைஞனிடமிருந்து கேட்டறிந்தார். தோட்டத்திற்கு உதவிக்கு வந்த ஆளை விசாரிப்பது போலவே இருந்தது அது.

பற்றுச்சீட்டு வந்தது. உணவின் விலைக்கு மேல் பத்துச் சதவீதம் சேவைக் கட்டணம்; அதற்கும் மேல், 2024 ஜனவரியில் பதினெட்டுச் சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதிசேர் வரி. மகன் அவற்றை விளக்கினான். தந்தையார் பத்து என்ற எண்ணின்மீது விரலை வைத்து, இளைஞனை ஏறிட்டார்.

"இது உமக்கு வருமோ?"

இளைஞன் காசாளர் இருந்த பக்கம் ஒருகணம் பார்த்தான்.

"வருதுங்க, ஐயா," என்றான்.

வெளியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறிய பின்னரும் முதியவர் பேசவில்லை. காலிமுகத்திடலைக் கடக்கும்போதுதான், "அந்தப் பொடியன்ரை பேரைக் கேட்க மறந்துபோனன்," என்றார்.

சில மாதங்களின் பின்னர் மகன் அவ்வழியே நடந்து சென்றபோது பெயர்ப்பலகை மாறியிருந்தது. வாயிலில் வாழைமரங் கட்டிக் குத்துவிளக்கு ஏற்றியிருந்தனர். உள்ளே புதிய மேசைகள், புதிய விளக்குகள். அவன் கண்ணாடிக்கு அருகே சென்று, பணியாளரின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.