மூன்று எழுத்தா, ஐந்து எழுத்தா?

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட விரல் மடக்கி 'மூன்று' என்று சொல்லிவிடும். கணினியோ 'ஐந்து' என்கிறது! வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள், அன்புத் தோழியரே. இந்தச் சின்னக் கணக்குக்குள் பலருடைய பல்லாண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். நிரல் எழுதும் மொழிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. 1991-இல் கைடோ வான் ராசம் என்பவர் வெளியிட்ட பைதானும் அப்படிப்பட்டதே. ஆனால் அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், அதன்மேல் புதிதாக ஒன்றைக் கட்டலாம். அவ்வாறு முத்து அண்ணாமலை என்னும் பொறியாளர் கட்டியதுதான் 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி. அதைப் பற்றிய கட்டுரையை அவர் 2009-இல் வெளியிட்டார்.

என் தங்கை எட்டாம் வகுப்பில் தமிழ்வழியில் படிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆயினும் கணினி என்றதும், "அதெல்லாம் இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்கு, அக்கா" என்று ஒதுங்கிவிடுவாள். மேல்நிலையில் கணினிப் பிரிவே வேண்டாம் என்று இப்போதே தீர்மானித்திருந்தாள். அவளுக்காகத்தான் நான் எழிலைத் தேடிப் பிடித்தேன். 'பதிப்பி' என்று கட்டளையிட்டால் கொடுத்த வாக்கியம் திரையில் தோன்றும். இரண்டே வாரத்தில் ஏழாம் வாய்ப்பாட்டை வரிசையாகக் காட்டும் நிரலைத் தானே எழுதிவிட்டாள்!

அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் தமிழ் நிரல்மொழி பிறந்துவிடுமா? பிறக்காது. ஆங்கிலத்தில் 'இஃப்' என்னும் சொல் முன்னே நிற்கும். நிபந்தனை பின்னே வரும். நாமோ "மழை வந்தால் குடை எடு" என்போம். நிபந்தனை முன்னே, 'ஆல்' பின்னே. ஆகவே எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி, அதன்பின் 'ஆனால்' என்று எழுதுகிறோம். சொல் மட்டுமன்றி, நாம் நினைக்கும் வரிசையும் சேர்ந்தே குடிபெயர்ந்திருக்கிறது.

அடுத்த இடர் எழுத்து. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் 'மி' என்பது மகரமும் கொக்கியும். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும். ஆக மொத்தம் ஐந்து குறிகள். ஒவ்வொரு குறியையும் சேமிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். பைதானின் இரண்டாம் பதிப்பு அந்தப் பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை 5 ஆக்கியது. பழைய பதிப்புக்கான ஆதரவு 2020-இல் நின்றது; அதை நம்பியிருந்த நிரல்களையெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று. அந்த ஐந்தை நம் மூன்றாக்கித் தருவது 'ஓப்பன்-தமிழ்' என்ற திறந்த நிரல்தொகுதி.

எங்கள் ஆழ்வார்திருநகரிக்கு இத்தகைய இடமாற்றம் புதிதன்று. பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் எங்கள் ஊருக்கு வந்தார். 1889-இல் அந்நூல் அச்சேறியது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எது மெய், எது உயிர்மெய் என்று ஆராய்ந்து படித்துத்தான் அச்சில் புள்ளியிட வேண்டும். ஓலையில் விடுபட்ட அதே புள்ளியைத்தான் இன்று கணினி தனிக் குறியாக எண்ணிக்கொண்டிருக்கிறது!

இன்னும் தீராத குறைகள் உண்டு. அடியிலுள்ள பைதான் சொல்லும் பிழைச்செய்தி ஆங்கிலத்திலேயே வருகிறது. தமிழில் பயிற்சி நூல்கள் சில மட்டுமே உள்ளன. "ஏம்மா, இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். கல்லூரியிலும் அலுவலகத்திலும் ஆங்கில நிரல்மொழிகளே ஆள்கின்றன. ஆனால் தாமிரபரணியில் இறங்க நமக்குப் படித்துறை வேண்டியிருக்கிறதல்லவா? படியிலேயே நின்றுவிடுவதற்காக யாரும் படி கட்டுவதில்லை. சென்ற மாதம் என் பைதான் பாடத்தை எட்டிப் பார்த்த தங்கை, "இந்த இஃப் நம்ம 'ஆனால்' தானே அக்கா?" என்றாள். எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

தோழியரே, மூலநிரல் திறந்திருக்கிறது. அந்தப் பிழைச்செய்திகளைத் தமிழாக்க யாராவது வருவார்கள் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? ஆங்கிலமும் தமிழும் கற்ற நாம் நாளுக்கு ஒரு வரி எழுதினாலும், பின்னே வரும் தங்கையருக்கு ஒரு படி கூடும்.